குளம்பைத் தூக்கிப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் போதும், எங்கள் பக்கத்தில் மாடுகள் நொண்ட ஆரம்பித்துவிடும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஏரிக்கரையில் மேயும் பத்து மாட்டில் ஒன்றாவது ஒரு காலைப் பட்டும் படாமலும் வைத்து நடக்கும். "கல்லு குத்தியிருக்கும், ரெண்டு நாள்ல சரியாப்பூடும்" என்பார்கள். நாலாவது நாள் மாடு தீவனம் எடுக்காது, பால் பாதியாகும். பத்தாவது நாள் வியாபாரி வாசலில் நிற்பார். நொண்டுகிற மாட்டுக்கு விலை பேசுகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இயற்கை விவசாயிகளான நாம் மாட்டின் சாணத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஜீவாமிர்தத்துக்கு எத்தனை கிலோ, பஞ்சகவ்யம் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் உங்கள் மாட்டின் குளம்பின் அடிப்பாகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வட்டாரக் கூட்டம் ஒன்றில் நான் கேட்டேன். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், ரெண்டு கை உயர்ந்தது. அதில் ஒருவர் ஆட்டுக்காரர்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மாட்டுக்காரர் இல்லை, குதிரைக்காரர். செங்குன்றம் பக்கத்தில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிற ஒரு பாய். வயது எழுபதை நெருங்குகிறது. அவருடைய அப்பா சென்னையில் ஜட்கா ஓட்டியவர். எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது லத்தியால்தான். குதிரை லத்தி சூடு பிடித்து மட்கும். கம்போஸ்ட் குவியலில் மாட்டுச் சாணத்தோடு கலந்து போட்டால் குவியல் சீக்கிரம் வேலை செய்கிறது. அவருக்கு லத்தியை அள்ளிக் கொட்ட இடமில்லை. எனக்கு அருகம்புல்லும் கடலைக்கொடியும் மிச்சம். காசு இல்லாத கணக்கு, ஏழெட்டு வருஷமாக ஓடுகிறது.

எங்கள் ஊர்களில் குதிரை என்றால் ஐயனார் கோயில் மண்குதிரைதான். உயிருள்ள குதிரையின் பக்கத்தில் நின்று அதன் காலைத் தொட்டது அவருடைய லாயத்தில்தான்.

குதிரைக்காரர் செய்வது என்ன?

பாய் விடிந்ததும் முதலில் செய்கிற வேலை தீவனம் வைப்பது அல்ல. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது. வண்டியில் பூட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊர்வலம் முடிந்து வந்தாலும் அதைச் செய்யாமல் அவர் சாப்பிட உட்காரமாட்டார்.

குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், அதன் வால் பக்கம் பார்த்து நிற்கிறார். தோளில் கையை வைத்து அப்படியே காலோடு கீழே தடவிக்கொண்டு போகிறார். கணுவுக்கு மேலே லேசாக அழுத்தினால் குதிரை தானாகவே காலைக் கொடுக்கிறது. ஒரு சின்ன இரும்புக் கொக்கி வைத்திருக்கிறார். அதன் முனை கூர்மையாக இருக்கக் கூடாதாம். குதிகாலில் ஆரம்பித்து முன்விரல் பக்கமாக இழுத்துச் சேறு, லத்தி, சரளைக்கல் எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறார். பிறகு தேங்காய் நார் வைத்துத் தேய்க்கிறார். கடைசியில் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத தம்பி. கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

குதிரைக் குளம்பின் அடியில் நடுவில் முக்கோணமாக ரப்பர் போல ஒரு பகுதி இருக்கிறது. அதன் நடுவிலும் இரண்டு பக்கங்களிலும் பள்ளமான கோடுகள். குதிரை காலை ஊன்றும்போது குளம்பு லேசாக விரிகிறது, எடுக்கும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் அது அதிர்வைத் தாங்குகிறது, கீழே வந்த ரத்தம் மேலே ஏறவும் உதவுகிறது. அந்தப் பள்ளங்களில் லத்தியும் மூத்திரமும் சேறும் அடைத்துக்கொண்டு காற்று போகாமல் இருந்தால், காற்று இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கறுப்பாக, பிசுபிசுவென்று, பிண நாற்றத்தோடு அழுகல் வரும். விட்டால் உள்ளே இருக்கும் உயிருள்ள சதை வரைக்கும் போய்க் குதிரை நொண்டும்.

அப்படி வந்துவிட்டால் பாய் செய்வது எளிமையானது, ஆனால் விடாமல் செய்கிறார். தளர்ந்து தொங்குகிற அழுகல் பகுதியை லாடக்காரரை வைத்துச் சீவி எடுக்கிறார். அதை அவர் தன் கையால் செய்வதில்லை, ஆழமாகச் சீவினால் ரத்தம் வந்து புண் பெரிதாகிவிடும் என்கிறார். பிறகு கல் உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, டாக்டர் கொடுத்த அயோடின் மருந்தைப் பஞ்சில் தொட்டு அந்தப் பள்ளத்துக்குள் வைக்கிறார். லாயத்தில் படுக்கையை முழுசாக மாற்றுகிறார். மருந்தைவிட அந்தக் காய்ந்த படுக்கைதான் புண்ணை ஆற்றுகிறது என்பது அவருடைய கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

குதிரைக் குளம்பு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மேலே இருந்து வளர்ந்து முன்முனை முழுசாகப் புதுசாக ஆக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதனால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றிச் சீவி மறுபடியும் அடிக்கிறார்கள். மாட்டின் குளம்பு மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஆனால் கட்டுத்தறியிலேயே நிற்கிற மாட்டுக்கு அதுவும் தேயாமல் வளைந்து செருப்பு மாதிரி நீண்டுவிடும். நகரத்தை ஒட்டிய பால் கொட்டகைகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

அதே கிருமி, வேறு குளம்பு

குதிரைக் குளம்பில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது ஃபுசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். மாட்டுக்குக் குளம்பிடை அழுகல் வருவதிலும் அதே கிருமிதான் முன்னால் நிற்கிறது. ஆட்டுக்கு வருகிற அழுகலில் அதோடு டைகெலோபாக்டர் நோடோசஸ் என்ற இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஃபுசோபாக்டீரியம் எங்கேயோ வெளியிலிருந்து வருவது இல்லை. மாட்டின் குடலில் இருக்கிறது, சாணத்தில் இருக்கிறது. அதாவது உங்கள் கொட்டகையில் இன்றைக்கும் இருக்கிறது. தோல் காய்ந்து முழுசாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரில் ஊறித் தோல் வெந்துபோனாலோ, ஒரு சரளைக்கல் கீறினாலோ அதற்கு வாசல் திறந்த மாதிரி.

நடவு நடுகிற பெண்களுக்குச் சேத்துப்புண் வருவதில்லையா? கால் விரல் இடுக்கு வெள்ளையாக வெந்து, அரித்து, வெடிக்கும். சாயங்காலம் மருதாணியும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு படுப்பார்கள். மாட்டுக்கு இரண்டு விரல். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடுக்குதான் அதன் சேத்துப்புண் வருகிற இடம். வித்தியாசம் என்னவென்றால், நமக்குக் கழனியை விட்டு ஏறினால் கால் காய்கிறது. மாடு கழனியை விட்டு ஏறி மூத்திரச் சேற்றில் போய் நிற்கிறது.

குளம்பிடை அழுகலின் அடையாளம் தெளிவானது. நேற்று நன்றாக நடந்த மாடு இன்று திடீரென்று நொண்டும். குளம்புக்கு மேலே சுற்றிலும் ஒரே சீராக வீங்கி, இரண்டு விரலும் விலகி நிற்கும். இடுக்கில் வெடிப்பும் கெட்ட நாற்றமும் இருக்கும். பெரும்பாலும் காய்ச்சலும் வரும்.

கோமாரி வேறு. அதில் வாயில் கொப்புளம் வந்து எச்சில் ஒழுகும், ஒன்றுக்கு மேற்பட்ட காலில் புண் வரும், ஒரு மாட்டுக்கு வந்தால் அடுத்தடுத்துப் பரவும். 2013-ல் தமிழ்நாட்டில் கோமாரி பரவியபோது என்ன ஆனது என்று டெல்டா உழவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது வைரஸ் நோய். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற இலவசத் தடுப்பூசிதான் அதற்குக் காப்பு. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதைப் போடுகிறார்கள். "ஊசி போட்டா பால் குறையுது" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு ஒளிகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ரெண்டு மூன்று நாள் பால் கொஞ்சம் குறையலாம். கோமாரி வந்தால் அந்த ஈத்தே போச்சு. குதிரைக்குக் கோமாரி வராது, பிளவுபட்ட குளம்பு உள்ளவற்றுக்குத்தான் வரும். அந்த வகையில் பாய் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்.

மிக்ஜாம் சமயத்தில்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தையே முக்கியெடுத்தது. எங்களுக்கு ஆரணியாறும் ஏரிகளும் சேர்ந்து நாலு பக்கமும் தண்ணீர். மாடுகளை மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட்டிக் கட்டினோம். மேடு என்றுதான் பெயர், அங்கேயும் கணுக்கால் அளவு சேறு. ஊர் மாடெல்லாம் அங்கேதான். மூன்று நாள் நின்றன.

நாலாம் நாள் என் மயிலைக்காளை பின்னங்காலைத் தரையில் வைக்கவில்லை. ஜோடி மாடு. மூன்றரை ஏக்கர் கழனிக்கும் வண்டிக்கும் இந்த ரெண்டும்தான். ஒன்று போனால் அடுத்ததுக்கு ஜோடி தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உழவு மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வட்டாரத்தில் இன்றைக்கு ஏர் பூட்டுகிறவர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வியாபாரி ஐந்தாம் நாளே வந்தார். "தண்ணி வடிஞ்சா வெல இன்னும் எறங்கும், இப்பவே குட்த்துடு" என்றார். வீட்டில் கொஞ்சம் யோசித்தார்கள்தான். வீட்டுக்குள் சேறு, நெல் விதை நனைந்து போயிருந்தது, கையில் காசு இல்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் இருந்தது, வீக்கம் கணுவுக்கு மேலே ஏறியிருந்தது. ஊசி போட வேண்டும் என்றார், போட்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் சிலர் "நாங்க இயற்கை, ஊசி போடமாட்டோம்" என்று நிற்கிறார்கள். அங்ககச் சான்றிதழுக்கான தேசியத் தரநிலையே அப்படிச் சொல்லவில்லை. நோய் வந்த விலங்கைச் சிகிச்சை இல்லாமல் தவிக்க விடக் கூடாது, தேவைப்பட்டால் ஆங்கில மருந்து கொடுக்கலாம், பாலை விலக்கி வைக்கும் காலத்தை வழக்கத்தைவிட இரட்டிப்பாக்க வேண்டும் என்பதுதான் விதி. வீக்கமும் காய்ச்சலும் இருக்கிற குளம்பு அழுகலில் கிருமி சதைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மேலே பூசுகிற எந்த எண்ணெயும் அங்கே போகாது. தாமதித்தால் மூட்டுக்குள் சீழ் பிடிக்கும். அப்புறம் வியாபாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஊசி உள்ளே வேலை செய்ய, வெளிப்புண்ணுக்கு மூலிகை எண்ணெய் போட்டோம். இது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஊர் ஊராகப் பரப்பியது. தேசிய பால்வள வாரியமும் கோமாரிக் கால்புண்ணுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. குப்பைமேனி இலை, வேப்பிலை, மருதாணி இலை, துளசி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. பூண்டு பத்துப் பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். புண்ணைக் கழுவித் துடைத்த பிறகு நேரடியாகத் தடவலாம், துணியில் நனைத்துக் கட்டலாம். புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து விட வேண்டும். அந்தப் பட்டியலில் மருதாணியைப் பார்த்ததும் என் மனைவி சொன்னது: "இத்த எங்க ஆயாவே சொல்லியிருக்கும்."

ஆனால் எண்ணெய் தடவிச் சேற்றில் விட்டால் என்ன பயன்? வெள்ளம் வடிந்த ஊரில் காய்ந்த படுக்கைக்கு எங்கே போவது? அங்கேதான் பாய் கைகொடுத்தார். செங்குன்றம் முழுக்க அரிசி ஆலைகள். ஒரு குட்டியானை வண்டி நிறைய உமி மூட்டையோடு வந்து இறங்கினார். கொட்டகையின் ஒரு மூலையில் செங்கல் துண்டு பரப்பி, மேலே மணல், அதற்கு மேலே ஒரு சாண் உமி. மயிலை அதில்தான் இருந்தது. மூத்திரம் பட்ட உமியைத் தினமும் ரெண்டு வேளை அள்ளி எடுத்துவிட்டுப் புது உமி போட்டோம். பன்னிரண்டாம் நாள் நாலு காலிலும் நின்றது. தையில் வண்டி இழுத்தது.

தொழிற்பேட்டை ஓரத்து மாடுகள்

எங்கள் பகுதிக்கென்று சில தனிக் கஷ்டங்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைய. பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு லாரிகள் போகிற சாலையில் ஆணி, கம்பித் துண்டு, தகட்டுச் சுருள் எல்லாம் சிந்திக் கிடக்கும். மேய்ச்சல் நிலம் சுருங்கிப்போனதால் மாடுகள் மேய்வது அந்தச் சாலை ஓரப் புல்லில். என் பக்கத்து வீட்டுக்காரரின் பசு இரண்டு விரல் நீளத் தகட்டைக் குளம்பில் ஏற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்று கம்பியைப் புல்லோடு முழுங்கி, அது இரைப்பையைத் துளைத்து இதயம் வரைக்கும் போய்ச் செத்தது.

நாங்கள் சில பேர் செய்கிற வேலை இது: பழைய ஸ்பீக்கரில் இருக்கிற வட்டக் காந்தத்தை ஒரு கழியின் முனையில் கட்டிக்கொண்டு, மாடு போகிற பாதையில் வாரத்துக்கு ஒரு நாள் இழுத்துக்கொண்டே நடப்பது. முதல் நாள் ஒரு டப்பா நிறையத் தேறியது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, அவர்களே செய்துவிடுகிறார்கள்.

ஆணி ஏறியிருந்தால் கண்ட உடனே பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிடக் கூடாது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்து ஏறியிருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். துளை மூடிக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும்போது டாக்டருக்கு இடம் தெரியாது. குதிரையாக இருந்தால், ஆணி இன்னும் ஆழமாக ஏறாதபடி பார்த்துக்கொண்டு டாக்டர் வரும்வரை அப்படியே விடச் சொல்கிறார் பாய். குதிரைக்கு ரண ஜன்னி மிகச் சுலபமாக வரும், அதனால் தடுப்பூசி போடாத குதிரையை அவர் லாயத்தில் வைத்திருப்பதே இல்லை. மாட்டுக்கு அந்த அளவு இல்லை என்றாலும் ஆழமான குத்துக்காயத்துக்கு ஊசியை டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுவது நல்லது.

உலைக்கசடை இங்கே ஸ்லாக் என்பார்கள். லாரியில் சும்மா கிடைக்கிறது என்று கொட்டகை வாசல் பள்ளத்தில் கொட்டிக்கொள்கிறார்கள். வேண்டாம். கண்ணாடி மாதிரிக் கூரான முனைகள், நடுவில் இரும்புத் துணுக்குகள். மழையில் ஊறி மெத்தென்று ஆன குளம்பு அதில் நடந்தால் அடிப்பாகம் கிழியும். அதோடு, ரசாயன உரம் வேண்டாம் என்று இருக்கிற நாம் உலையில் மிஞ்சியதைக் கொண்டுவந்து சாணிக்குப்பைக்குப் பக்கத்தில் கொட்டுவது என்ன கணக்கு? செங்கல் சூளையில் உடைந்த கல் கிடைக்கும், அதைப் போட்டு மேலே மணல் பரப்புங்கள். எந்தக் கொட்டகையிலும் மோசமான இடம் இரண்டுதான்: தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வாசலில். அந்த இரண்டை மட்டும் கெட்டிப்படுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். தரைக்கு நாற்பது அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் மூத்திரம் தேங்காமல் வடியும். கடலோரம் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்குச் சவுக்குச் சருகு இருக்கிறது, நல்ல படுக்கை. எல்லாம் கடைசியில் எருக்குழிக்குத்தான் போகப் போகிறது.

இன்னொன்று, கேன்டீன் சோறு. தொழிற்சாலைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சுகிற சோற்றை டிரம்மில் கொண்டுவந்து மாட்டுக்கு வைக்கிறார்கள். அளவுக்கு மேல் சோறு தின்ற மாட்டின் வயிறு புளித்துப்போகும். உடனே வயிறு உப்பிச் சாவது ஒரு வகை. பிழைத்ததற்குக் குளம்பின் உள்ளே ரத்த ஓட்டம் கெட்டு அழற்சி வரும். ரெண்டு மாதம் கழித்துக் குளம்பு கோடு கோடாக, வளைந்து, அடிப்பாகத்தில் ரத்தம் கட்டிப் புண்ணாகும். மாடு முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். அப்போது சோற்றை யாரும் நினைப்பதில்லை, "பாதை சரியில்ல" என்பார்கள். தானியம் அதிகமானால் குதிரைக்கும் இதே கதைதான், அதற்கு இன்னும் வேகமாக வரும். பாய் தன் தீவன டிரம்முக்குப் பூட்டு போட்டு வைத்திருப்பது திருடனுக்காக இல்லை, குதிரைக்காக.

துத்தம் பற்றி

பெரிய பண்ணைகளில் நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ மயில்துத்தம் கரைத்துத் தொட்டியில் ஊற்றி மாட்டை அதில் நடத்துகிறார்கள். குளம்பு கெட்டியாகும், கிருமி சாகும், உண்மைதான். ஆனால் சாணம் கலந்ததும் அதன் வீரியம் போய்விடும், அந்த நீலத் தண்ணீரை எங்காவது கொட்டியாக வேண்டும். செம்பு மட்காது. எருக்குழியில் ஊற்றினால் வருஷா வருஷம் கழனியில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கும் ஆகாது. செம்மறியாட்டுக்குச் செம்பு விஷம்; தாகத்தில் ஒரு வாய் குடித்துவிட்டால் ஆபத்து. நான் அதைத் தொடுவதில்லை. கல் உப்பு வெந்நீர், துடைப்பு, காய்ந்த தரை என்று ஓட்டிவிடுகிறேன். ஆட்டு மந்தையில் அழுகல் பரவிவிட்டால் மட்டும், டாக்டரைக் கேட்டுப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து ஆடுகளைச் சில நிமிஷம் நிற்க வைக்கலாம். அந்தத் தண்ணீரும் எருக்குழிக்குப் போகக் கூடாது. ஆட்டுக்குளம்பை ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெட்டிவிட்டாலே பெரும்பாலும் அந்த நிலைமை வராது.

லாடம் பற்றிக் கேட்கிறார்கள். கழனி உழவு மட்டும் செய்கிற மாட்டுக்கு லாடம் வேண்டியதில்லை, வெறும் குளம்புதான் சேற்றில் பிடிக்கும். தார்ரோட்டில் வண்டி இழுத்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். குதிரைக்குக் காலுக்கு ஒன்று. மாட்டுக்கு விரலுக்கு ஒன்று, ஆக எட்டு. மாட்டைச் சாய்த்துக் கால்களைக் கட்டித்தான் அடிப்பார்கள். அப்படிச் சாய்த்திருக்கும்போது இடுக்குகளையும் அடிப்பாகத்தையும் நன்றாகப் பார்த்துவிடுங்கள், வேறு எப்போதும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. லாடக்காரர்கள் எங்கள் பக்கம் அருகிவிட்டார்கள். இருக்கிற ஒருவரும் மகனைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிட்டார். அவர் கை ஓய்வதற்குள் நம் இளைஞர்கள் யாராவது ரெண்டு பேர் கூடப்போய்க் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும். நான் கேட்டுப் பார்த்தேன், சொல்லித்தர அவருக்கு ஆசைதான்.

மாடு காலைத் தூக்க விடுமா என்றால், வளர்ந்த மாடு சுலபத்தில் விடாது. அது பக்கவாட்டில் உதைக்கும், குதிரையைப் போல நேர் பின்னால் மட்டும் இல்லை. அதற்கு முன்னங்கால் என்றால் ஒரு ஆள் தலையைப் பிடிக்க, தோளோடு சாய்ந்து நின்று தூக்கலாம். பின்னங்காலுக்குக் கயிறு போட்டு மேல் விட்டத்தில் மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். எப்போதும் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள், நின்று குனிந்தே செய்யுங்கள், விலகி ஓட வசதி. கன்றுக்குட்டி என்றால் கதை வேறு. பிறந்த வாரத்திலிருந்தே தினமும் தடவிக் கொடுத்து, காலைப் பிடித்து, ஒரு நொடி தூக்கி விட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் தினமும், கோடையில் வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். முனை மழுங்கிய ஒரு குச்சி, ஒரு நார், ஒரு வாளி உப்புத் தண்ணீர், ஒரு கந்தல் துணி. நாலு மாட்டுக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது.

வீக்கமோ காய்ச்சலோ தெரிந்தால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான கட்டணமில்லாத எண் அது. போகிற தூரத்தில் மருந்தகம் இருந்தால் காலை எட்டு மணிக்கே போய் நிற்பது இன்னும் நல்லது.

மிக்ஜாமுக்குப் பிறகு பிறந்த கிடாரிக் கன்று ஒன்று எங்கள் கொட்டகையில் இருக்கிறது. பாய் வரும்போதெல்லாம் அதற்குத்தான் பாடம் நடக்கிறது. முன்னங்கால் ரெண்டையும் இப்போது தொட்டதுமே கொடுத்துவிடுகிறது. பின்னங்காலுக்கு இன்னும் உதைதான்.